கைரேகை ஒப்புதல் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பழங்குடி மக்களை அவர்களது நிலங்களிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றக் கூடாது என்றும், முழு விவரங்களையும் அறிந்து, நெருக்கடி ஏதுமின்றி அவர்கள் முன்கூட்டியே அளிக்கும் ஒப்புதல் இல்லாமல் இடமாற்றம் நடைபெறலாகாது என்றும் 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை 144 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றிய பிரகடனம் கூறுகிறது. ஆனால் பிரகடனத்துக்குச் சட்ட வலிமை இல்லை. அவ்வலிமை உடைய, பழங்குடி மக்கள் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1989ஆம் ஆண்டு உடன்படிக்கையையோ (எண் 169) இருபத்துச் சொச்சம் நாடுகளே ஏற்றுள்ளன.

நடைமுறையில் ஒப்புதல் பெறும் விதம் இதைவிடக் கவலைக்குரியது. திட்ட அறிக்கை அம்மக்கள் அறியாத மொழியில் இருக்க, கூட்டத்துக்கு வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் வைத்த கைரேகையே பின்னர் சம்மதமாகக் காட்டப்படுவதுண்டு. இதை ஒப்புதல் என்பது, என் பார்வையில், மோசடிக்குச் சூட்டும் மரியாதையான பெயர்.

நிலம் என்பது குடியிருக்கும் இடம் மட்டுமன்று. பருவந்தோறும் மேய்ச்சலுக்கும் தேனெடுக்கவும் செல்லும் காட்டுப் பகுதிகளில் வேலியும் இல்லை, பத்திரமும் இல்லை என்பதாலேயே அவை வரைபடத்தில் 'தரிசு' ஆகிவிடுகின்றன. மேற்சொன்ன உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, பிறரோடு பகிர்ந்து மரபாகப் பயன்படுத்தி வரும் நிலங்களுக்கும் பாதுகாப்பு கோருகிறது. எனவே சுரங்கத்துக்கோ அணைக்கோ உரிமம் வழங்குமுன், அம்மக்களே முன்னின்று தங்கள் எல்லைகளை அளந்து பதிவுசெய்ய அரசுகள் வழிவகுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்