மண் அடுப்பும் ஐம்பது தினாரும்

சஹாப், ஜோர்டான்
28 நவம்பர் 2025

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அத்தைக்கு முட்டி வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. சின்னவள் காலாண்டில் எடுத்த கணக்கு மார்க்குக்காக அவளைத் திட்டாதே, நாம் எடுத்ததை மறந்துவிட்டாயா?

கடைசி வரியில், காஸாவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினால் போய்ச் சேருமா என்று கேட்டிருந்தாய். சேரும். எப்படிச் சேருகிறது என்பதுதான் பெரிய கதை.

எங்கள் கம்பெனிக் கணக்கரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 1967 போரில் காஸாவை விட்டு வந்த குடும்பம். அவர்களுக்காக ஜெராஷ் பக்கத்தில் 1968இல் போட்ட முகாமை இன்றும் ஜனங்கள் 'காஸா முகாம்' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இன்னும் இல்லை. அவருடைய சித்தி மகள் காஸாவின் வடக்கே ஜபாலியாவில் இருந்தாள். 2023 அக்டோபர் 13 அன்று, வடக்கே இருப்பவர்கள் தெற்கே போய்விடச் சொல்லி இஸ்ரேல் ராணுவம் உத்தரவு போட்டது. பதினோரு லட்சம் பேருக்கு ஒரு நாள் கெடு. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையை வீணாக்க மனமில்லாமல் தண்ணீரை வடித்து, பையில் கட்டிக்கொண்டு கிளம்பினாளாம். ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. அதற்குப் பிறகு எட்டு இடம் மாறிவிட்டாள். இப்போது காஸாவின் நடுப்பகுதியில், டெய்ர் அல்-பலாஹில் ஒரு கூடாரம்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து மாதாமாதம் அவளுக்கு அனுப்புகிறோம். என் பங்கு 50 தினார். (உன் தங்கச்சிக்குத் தெரியும். நகைச் சீட்டை நிறுத்திவிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.) போன் வழியாகக் கணக்கில் விழ ஒரு நிமிஷம் போதும். அதை நோட்டாக்குவதுதான் பாடு. போர் தொடங்கியதிலிருந்து புது நோட்டை இஸ்ரேல் உள்ளே விடவில்லை. அங்கே புழங்குவது இஸ்ரேல் பணமான ஷேக்கல், இருக்கிற பழைய நோட்டுதான் கைமாறிக் கைமாறி நைந்துபோயிருக்கிறது. ரொக்கமாக மாற்றித் தருகிறவர்கள் எடுக்கும் கமிஷன் இந்தக் கோடையில் நூற்றுக்கு நாற்பது வரை போயிற்று. அக்டோபரில் போர் நிறுத்தம் வந்து வங்கிகளைத் திறந்தார்கள். கதவு திறந்தது, கொடுக்க உள்ளே காசு இல்லை.

அப்படியே கைக்கு வந்தாலும், கிழிந்த நோட்டைக் கடைக்காரர் தொடமாட்டார். அதனால் அங்கே நோட்டு ஒட்டுவது ஒரு தொழிலாகிவிட்டது. சந்தையில் ஒரு குட்டி மேசை, பசை, பிளேடு, கலர் சாக்பீஸ். கிழிசலை ஒட்டி, வெளுத்த இடத்தில் சாயம் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கொடுப்பார்கள். அதற்கும் கூலி உண்டு. என் ஐம்பது தினாரில் ஒரு துளி அந்தப் பசைக்குப் போகிறது.

மிச்சம் மாவுக்கு. இந்த வருஷம் மார்ச் 2இலிருந்து பதினோரு வாரம் எதையும் உள்ளே விடாமல் அடைத்தார்கள். உலக உணவுத் திட்டத்தின் உதவியோடு ஓடிய 25 பேக்கரிகளும் ஏப்ரல் பிறக்கும்போது மூடிக்கிடந்தன. பிறகு ஒரு கட்டத்தில் 25 கிலோ மூட்டை ஆயிரம் ஷேக்கலைத் தாண்டியது. காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று ஆகஸ்ட் 22 அன்றுதான் முறைப்படி அறிவித்தார்கள். அவள் அதற்கு வெகுநாள் முன்பே மக்ரோனியை ஊறவைத்துப் பிசைந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் அவளுடைய மூத்த பையன், பதினேழு வயது, மாவு வாங்கிவருகிறேன் என்று போனான். சுட்டுவிட்டார்கள். இங்கே கணக்கர் வீட்டில் மூன்று நாள் துக்கம். நானும் போய் உட்கார்ந்தேன். சர்க்கரை போடாத காப்பி, பேரீச்சம்பழம். போதும் என்றால் காலிக் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டுமாம். எனக்குத் தெரியாது. நான் நீட்ட நீட்ட ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாவது கோப்பையில் கணக்கரே வந்து என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிவிட்டார். அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனது.

2023 அக்டோபர் 7 பற்றியும் கணக்கரிடம் பேசியிருக்கிறேன். ஹமாஸும் கூட்டாளிகளும் இஸ்ரேலில் அன்று சுமார் 1,200 பேரைக் கொன்றதையும் பலரைப் பிணையாகப் பிடித்துப்போனதையும் அவர் நியாயப்படுத்தவில்லை. "என் தங்கை யாரை என்ன செய்தாள்?" என்று மட்டும் கேட்டார். நான் என்ன சொல்ல?

துக்கம் கழிந்து பத்தே நாளில் அவள் கூடாரத்துக்கு வெளியே அடுப்புக் கட்டினாள். களிமண்ணில் வைக்கோலைப் போட்டுப் பிசைந்து, வட்டமாக எழுப்பியது. எரிக்க அட்டைப்பெட்டி, உடைந்த கதவுச் சட்டம், சில நாள் பழைய துணி. சுற்றிலும் இருப்பவர்கள் பிசைந்த மாவைத் தட்டில் வைத்து எடுத்து வருகிறார்கள். விறகு கொண்டுவந்தால் சும்மா சுட்டுத் தருவாள், இல்லாவிட்டால் பத்து ரொட்டிக்கு ஒன்று. அந்த ஒன்றுகளைத் தனியாக அடுக்கி வைத்து, பக்கத்துக் கூடாரத்தில் பாட்டியோடு இருக்கும் மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை.

மாதக் கடைசியில் அவளிடமிருந்து கணக்கு வரும். நோட்டுத் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவாள்: கமிஷன் இவ்வளவு, நோட்டு ஒட்ட இவ்வளவு, மாவு, உப்பு, விறகு. யார் உன்னிடம் கணக்குக் கேட்டது என்று கணக்கர் ஒருநாள் கோபித்துக்கொண்டார். "அந்த ஹிந்திக்கும் வீடு வாசல் இருக்குமே" என்றாளாம். இந்தியாவிலிருந்து வந்தால் இவர்களுக்கு எல்லோரும் 'ஹிந்தி'தான், மனசில் வைத்துக்கொள்ளாதே.

இந்த மாத நடுவில் அங்கே மழை. கூடாரங்களுக்குள் தண்ணீர். அவள் அனுப்பிய படத்தில் மெத்தை நனைந்து கிடக்கிறது, இருந்த ஒரே தார்ப்பாயை எடுத்து அடுப்பின் மேல் போட்டு நாலு பக்கமும் கல் வைத்திருக்கிறாள். கணக்கர் போனில் கத்தினார். அவள் பதிலை எனக்கும் போட்டுக் காட்டினார்: மெத்தை காய்ந்துவிடும், மண் கரைந்தால் காலையில் இத்தனை வீட்டு மாவை எங்கே சுடுவது?

சரி மாப்ளே. நீ அனுப்ப நினைத்ததை ஊரில் என் அண்ணன் கையில் கொடுத்துவிடு, இங்கே நான் சேர்த்துப் போடுகிறேன். கணக்கு வரும். அரபியில்தான் இருக்கும், கணக்கரிடம் கேட்டு உனக்கு எழுதுகிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மச்சான்