வைஃபை பெட்டி மாட்டினா மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்க ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில மாடிக்கு மாடி வைஃபை பெட்டி மாட்டியிருக்காங்க, ஆனா வார்டுல இருந்து வீடியோ கால் பேசிக்கிட்டே லிஃப்ட் பக்கம் நடந்தா கால் கட் ஆயிடுது, "வைஃபைய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"னு செக்யூரிட்டி அண்ணனே சொல்ற அளவுக்குப் பழகிப்போச்சு. நெட் ஸ்பீடு கம்மின்னு எல்லாரும் திட்டுறாங்க, விஷயம் அது இல்லைங்க. எந்தப் பெட்டியோட சேரணும்னு முடிவு பண்றது போன்தான், அது தூரத்துல இருக்கிற பழைய பெட்டியவே புடிச்சுத் தொங்கும். ஐபோன்லாம் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தை அளக்கிற அலகு) கீழ போனாதான் வேற பெட்டி தேடவே ஆரம்பிக்கும். அப்ப ஒவ்வொரு சேனலா, அதாவது அலைவரிசையா, தடவாம இருக்க, 802.11கேங்கிற வைஃபை தர வசதி பெட்டியிலயும் போன்லயும் இருந்தா பக்கத்துல எந்தப் பெட்டி எந்த சேனல்லன்னு லிஸ்ட் கிடைச்சுடும், 802.11வி இருந்தா 'இங்க கூட்டம், அங்க போ'ன்னு பெட்டியே யோசனை சொல்லும், 802.11ஆர் இருந்தா லாகின் கதை முழுசா திரும்ப ஓடாம சட்டுனு மாறிடும். கே, ஆர் ரெண்டும் 2008லயே வந்தாச்சு, வி 2011ல. ஆபீஸ் ரக பெட்டிங்க பலதுல செட்டிங்ஸ்லயே இருக்கு, தொடத்தான் ஆளில்ல. ஆர் ஆன் பண்ணா சில பழைய போன், பிரிண்டர் கனெக்ட் ஆகாம அடம் புடிக்கும், அதுகளுக்குத் தனிப் பேர்ல ஒரு வைஃபை விட்டுடலாம். பவரை ஃபுல்லா ஏத்தி வைக்கிறதும் வேண்டாத வேலை, பெட்டி கத்துறது போனுக்குக் கேக்கும், போன் பேசுறது பெட்டிக்குக் கேக்காது. இனிமே டெண்டர்ல பெட்டி எத்தனைன்னு மட்டும் எழுதாம, நடந்துக்கிட்டே கால் பேசிக் காட்டினாதான் பில் பாஸ்னு எழுதுங்கய்யா.

– ஒரு வாசகர், கோவை