தலையின் அளவை எழுதுகிறீர்கள், வடிவத்தையும் எழுதுங்கள்

மலேசியச் சுகாதார அமைச்சுக்கும், தோட்டப்புறங்களில் தாய் சேய் கிளினிக்குகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வட பேராக்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறுபட்டணத்தில் இருக்கும் தாய் நான். என் மகனுக்கு இப்போது 9 மாதம். அடுத்த மாதம் கோலாலம்பூரில் அவனுக்கு மண்டையோட்டில் அறுவை சிகிச்சை.

அவனுக்கு இருப்பது சேஜிட்டல் கிரேனியோசினோஸ்டோசிஸ். பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. மூளை வளர இடம் கொடுப்பதற்காக எலும்புகளுக்கு நடுவே இணைப்புக் கோடுகள் இருக்கின்றன. என் மகனுக்கு உச்சி நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் கோடு முன்கூட்டியே மூடிவிட்டது. அகலமாக விரிய வழியில்லாமல் தலை நீளவாட்டில் வளர்ந்தது. ஏறக்குறைய 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஒரு கோடு இப்படி மூடிக்கொள்கிறது. அதில் இந்த வகைதான் அதிகம். கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, பிள்ளையைப் படுக்க வைத்த விதத்தாலோ வருவதல்ல இது. எங்கள் சொந்தக்காரர்களும் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

கிளினிக்குக்குப் போன ஒவ்வொரு முறையும் மிஸ்ஸி (தாதி) தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்து, பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தில் புள்ளி வைத்தார். புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது. அவர் அன்பானவர், தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தார். ஆனால் இந்த வகையில் அகலத்தில் குறைவது நீளத்தில் கூடிவிடுகிறது. சுற்றளவு சரியாகவே இருக்கும், சில பிள்ளைகளுக்குச் சராசரியைவிடக் கூடுதலாகவும் இருக்கும். டேப்பை மட்டும் நம்பினால் இது கண்ணில் படாது.

முதல் 3, 4 மாதத்திலேயே தெரிந்துவிட்டால், சிறு வெட்டுகள் போட்டு, எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயின் உதவியோடு மூடிய எலும்பை எடுத்துவிட்டு, அப்புறம் சில மாதம் தலைக்கவசம் போடும் முறை உண்டு. ரத்த இழப்பும் குறைவு. என் மகனுக்கு அந்த வயது கடந்துவிட்டது. ஒரு காதிலிருந்து மறு காதுவரை நெளிநெளியாக வெட்டுவார்கள், முடி வளர்ந்தால் தழும்பு மறைவதற்காக. எலும்புகளைக் கழற்றி, வடிவம் மாற்றி, நாளடைவில் கரைந்துவிடும் தகடுகளால் பொருத்துவார்கள். பல மணி நேரம் ஆகும், ரத்தம் ஏற்ற வேண்டிவரும். முகம் வீங்கி இரண்டு மூன்று நாள் கண் திறக்க முடியாமல் போகலாம், அப்போது உங்கள் குரல் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குப் பிடித்த பாட்டுகளாகப் பாடிப் பழக்குகிறேன். செய்யாமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு மண்டைக்குள் அழுத்தம் கூடி, பார்வையையும் படிப்பையும் பாதிக்கலாம். அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அந்த டாக்டர்கள்மேல் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. பயமும் இருக்கிறது.

நான் கேட்பது விலை உயர்ந்த கருவி அல்ல. டேப் வைக்கும் அதே நேரத்தில் பிள்ளையின் தலையை மேலிருந்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். உச்சி நடுவே விரலை ஓட்டிப் பார்த்து, வரப்பு மாதிரி எலும்பு தடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் எழுதச் சொல்லுங்கள். ஒரே பக்கமாகப் படுத்துத் தலை தட்டையாவது வேறு. அதற்குக் கத்தி வேண்டாம், படுத்திருக்கும்போது பிள்ளையின் தலையைப் பக்கம் மாற்றி மாற்றித் திருப்பிப் பழக்கினாலே பெரும்பாலும் போதும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எல்லா மிஸ்ஸிகளுக்கும் பயிற்சி கொடுங்கள். தாய்மார்களுக்குப் புரியும்படி படத்தோடு, தமிழிலும் மலாயிலும், கிளினிக் சுவரில் ஒட்டுங்கள்.

சந்தேகம் வந்தால், அங்கே ஒரு சீட்டு இங்கே ஒரு சீட்டு என்று அலைய விடாமல், நேரே நிபுணரிடம் அனுப்புங்கள். என் கணவர் குலை வெட்டுகிறவர், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. இங்கே பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். மேலிருந்து எடுத்த ஒரு படத்தை மிஸ்ஸியே நிபுணருக்கு அனுப்பி, அதே வாரத்தில் பதில் வாங்கித் தர ஒரு வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துத் தாய் ஒருத்தி