ஆய்வகத்திலிருந்து கம்பெனிக்கு: சனிக்கிழமை பேசுவோம்

வணக்கம் நண்பர்களே. ஆஸ்திரேலியாவில் மருத்துவ ஆய்வாளர்கள் கம்பெனி அனுபவம் பெற அரசு பணம் தருமா என்று இங்கே கேட்டிருந்தீர்கள். தந்திருக்கிறது. 2015-இல் அமைத்த மருத்துவ ஆராய்ச்சி எதிர்கால நிதியிலிருந்து 'ரெடி' என்ற திட்டத்துக்கு 3.2 கோடி டாலர் ஒதுக்கி, எம்டிபி கனெக்ட் அமைப்பு மூலம் நடத்தினார்கள். அதன் ஃபெலோஷிப் கிடைத்த ஆய்வாளரோ மருத்துவரோ மருந்து, மருத்துவக் கருவி, பயோடெக் நிறுவனங்களுக்குள் போய் வேலை பார்க்க முடிந்தது.

அங்கே படிப்பது வேறு பாடம். கருவியில் ஒரு ஸ்க்ரூவை மாற்றினாலும் ஏன் மாற்றினோம், அதனால் என்ன ஆபத்து என்று எழுதி, சோதித்து, கையெழுத்து வாங்க வேண்டும். கட்டுரை எழுதியே பழகியவர்களுக்கு முதலில் தலை சுற்றும். ஆனால் இந்தக் காகித வேலை இல்லாமல் கருவி நோயாளியிடம் போய்ச் சேராது.

ரெடி 2020-இல் தொடங்கிய நான்காண்டுத் திட்டம். அதனால் பழைய விண்ணப்ப லிங்க்குகளைத் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். இப்போது எது திறந்திருக்கிறது என்று அரசின் கிராண்ட் கனெக்ட் தளத்தில் பாருங்கள்.

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஜூமில் சந்திப்போம். விசா நிபந்தனை பற்றிய கேள்விகளை வெள்ளிக்குள் இங்கே போட்டுவிடுங்கள். அதுவரை குட்மார்னிங் படங்கள் வேண்டாம், சரியா?