கூட்டம் எங்கே நடக்கிறது என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநோய் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், நல்ல விஷயம்தான். ஈரல் என்ன ஆகும், குடும்பம் என்ன ஆகும், மருத்துவமனையில் என்ன சிகிச்சை என்றெல்லாம் வருகிறது. ஆனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் மறுநாள் சாயங்காலம், வழக்கமாகக் குடிக்கக் கிளம்பும் அந்த நேரத்தில், எங்கே போய் உட்காருவது என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்காக இதைத் தேடி அலைந்தவன் என்பதால்தான் இந்தக் கடிதம்.

குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கியது. பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன், அறுவை மருத்துவர் பாப் ஸ்மித், இரண்டு பேருமே குடியில் மூழ்கியவர்கள். குடித்து அவதிப்பட்டவன் இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசினால் இருவருமே அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான் அடிப்படை. பெயரை வெளியே சொல்வதில்லை, விளம்பரம் தேடுவதில்லை என்பது அவர்கள் மரபு. அது சரியான மரபுதான், ஆனால் அதனாலேயே இரண்டு தெரு தள்ளி நடக்கும் கூட்டம்கூட அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் போகிறது.

தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஏ.ஏ.வின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு விவரம் கிடைக்கும். மனநல மருத்துவரிடமோ, போதை மீட்புப் பிரிவில் இருக்கும் ஆலோசகரிடமோ கேட்டால் அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். போன் செய்யும்போது கூட்டம் இப்போதும் நடக்கிறதா, என்ன மொழியில் பேசுவார்கள், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேட்டுவிடுங்கள். திறந்த கூட்டம் என்றால் கூட ஒருவர் துணைக்குப் போய் உட்காரலாம். மூடிய கூட்டம் என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், குடியை விட நினைக்கிறவர் யாரும் போகலாம், அந்த நினைப்பு ஒன்றுதான் தகுதி. கட்டணம் கிடையாது. கூட்ட முடிவில் உறுப்பினர்கள் தங்களால் ஆனதைப் போடுவார்கள், புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. முன்பணம், பேக்கேஜ் என்று யாராவது பேச ஆரம்பித்தால் அது சிகிச்சை மையம், ஏ.ஏ. கூட்டம் அல்ல.

முதல் கூட்டம் பிடிக்காமல் போவது சகஜம். ஒரு குழு மாதிரி இன்னொன்று இருக்காது, பேசுகிற விதம், வயது, வேலை, எல்லாம் மாறும், ஒன்றில் வாயே திறக்காதவர் வேறொன்றில் மணிக்கணக்காகப் பேசுவார். அதனால் நாலைந்து இடத்தில் உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். ஏ.ஏ.வில் வரும் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களும் உண்டு. அவர்களுக்கு 1994-ல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி இருக்கிறது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிதான் அங்கே முக்கியம். பெண்களுக்கென்றே 1975-ல் வந்த விமன் ஃபார் சோப்ரைட்டி இருக்கிறது. பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் ஆன்லைன் கூட்டங்கள் உண்டு, தொடங்குவதற்கு அது போதும். என்றாலும் நேற்று ஏன் வரவில்லை என்று வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது வேறு.

இதெல்லாம் வெறும் நம்பிக்கை என்று சொல்கிறவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் சேர்ந்து தொடர ஊக்குவிக்கும் முறையான சிகிச்சை, குடியை முழுவதும் விட்டு நிற்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர், கூட்டத்துக்குப் போகிறோமே என்று திடீரென்று தானாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் கடுமையான நடுக்கமும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், அப்புறம் கூட்டம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கூட்டத்தில் யாராவது அறிவுரை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

குடிக்கிறவர் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறாரா? நீங்கள் போங்கள். குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-லிருந்து இருக்கிறது, பில் வில்சனின் மனைவி லோயிஸ் தொடங்கியவர்களில் ஒருவர். பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாக உண்டு. குடிக்கிறவர் திருந்தும்வரை காத்திருக்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

இப்போது உங்களிடம் கேட்பது. சினிமா காட்சி நேரம் போடும் பக்கத்தில் வாரம் ஒருமுறை சின்னதாக ஒரு பெட்டி, எந்தக் கூட்டம், எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி, ஒரு போன் நம்பர். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அந்த நம்பருக்கு ஒரு போன் செய்து பாருங்கள், ஏனென்றால் இடம் மாறிக்கொண்டே இருக்கும், எப்போதோ காலி செய்த அறையின் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆள் மறுபடி கிளம்பமாட்டார். செய்தி எடுக்க நிருபர் போவதானால் முன்கூட்டியே குழுவிடம் கேட்டுவிட்டுத் திறந்த கூட்டத்துக்குப் போகட்டும், கேமரா வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
(பெயர் வெளியிட வேண்டாம்)