மேல் வீட்டு அக்காவுக்கும், கூட நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுச் சின்னக் கிளிங்க, பட்ஜீங்க, ஒண்ணு போய் கொஞ்சம் விட்டு இன்னொண்ணுன்னு செத்துப்போனது உங்களுக்குத் தெரியும், பாதி பேர் என்கூட போன்ல அழுதவங்கதான், அதனால அதைத் திரும்ப எழுதப் போறதில்ல, தெம்பும் இல்ல. நேத்து பறவைங்களைப் பாக்கற டாக்டரம்மா போன் பண்ணி, மிச்சம் இருக்கறதுங்க தேறிடும், மருந்தை மட்டும் நடுவுல நிறுத்திடாதீங்கன்னு சொன்னாங்க. அந்தப் போனை வெச்சதுல இருந்து யார் யாருக்கு நன்றி சொல்லணும்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அது ஆறிப்போறதுக்குள்ள எழுதிடறேன்.

முதல்ல மொத்தமா சொல்லிடறேன், கோச்சுக்காதீங்க. தனித்தனியா பிரிச்சு வைக்கணும்னதும் வீட்ல சும்மா கெடந்த கூண்டையெல்லாம் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தவங்க, கிராம் காட்டற தராசை நீயே வெச்சுக்கோன்னு விட்டுட்டுப் போனவங்க, லீவு போட்டு என்கூட லேபுக்கு வந்தவங்க, நான் தூங்கறப்ப மருந்து நேரம் பாத்தவங்க, தினமும் காலைல "இன்னிக்கு எல்லாம் சாப்பிட்டுச்சா"ன்னு ஒத்தை வரி மெசேஜ் போட்டவங்க எல்லாருக்கும் நன்றி. அந்த ஒத்தை வரிக்கு நான் பதில் போடாத நாள் நிறைய இருக்கும். ஆனா ஒண்ணு விடாம படிச்சேன்.

லேப்ல இருக்கறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. கைக்குள்ள அடங்கற ஒரு பட்ஜீயை, "இதுக்கெல்லாமா போஸ்ட்மார்ட்டம்"னு கேக்காம, மாஸ்க்கும் கிளவுஸும் போட்டு அவ்ளோ பொறுமையா பாத்தாங்க. அவங்க அந்த மாஸ்க்கை ஏன் அவ்ளோ கவனமா போட்டாங்கன்னு ரிசல்ட் வந்தப்புறம்தான் புரிஞ்சுது. வந்தது கிளிக்காய்ச்சல், மனுஷனுக்கும் தொத்தும். 1929-30ல கூண்டுக்கிளிங்க மூலமா இதே காய்ச்சல் நாடு நாடா பரவினப்போ, அதை ஆராய்ச்சி பண்ணின லேப் ஆளுங்களே அதுல விழுந்திருக்காங்க. இப்ப மருந்து இருக்கு, பாதுகாப்பு இருக்கு, இருந்தாலும் அந்த வேலையைச் செய்யறவங்களுக்கு ஒரு கும்பிடு.

இப்ப மேல் வீட்டு அக்கா.

அன்னிக்கு ராத்திரி நான் செத்த பட்ஜீயைத் துணியில சுத்திக் கையில வெச்சுக்கிட்டு எங்க புதைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப, ரொம்ப வருஷமா பறவை வளக்கற ஒரு தம்பி மெசேஜ் போட்டான். "அக்கா புதைச்சிடாதீங்க. ஃப்ரீசர்லயும் வைக்காதீங்க. சோப்புத் தண்ணியில நல்லா நனைச்சு, ரெண்டு கவர் போட்டு இறுக்கிக் கட்டி, ஃப்ரிட்ஜ்ல கீழ வைங்க, காலைல லேபுக்கு எடுத்துட்டுப் போங்க." எனக்கு அந்த நேரத்துல இதெல்லாம் கொடுமையா தெரிஞ்சுது. செத்த பிள்ளையை ஏன் நனைக்கணும்? அவன் சொன்னான், பறவை உடம்போட சூடு நம்மளைவிட அதிகம், 40 டிகிரிக்கு மேல இருக்கும், இறகு போர்வை மாதிரி அந்தச் சூட்டை உள்ளயே பிடிச்சு வெச்சுக்கும், அதனால வெளிய விட்டா உள்ளுறுப்பெல்லாம் சீக்கிரம் கெட்டுப்போயிடும், நனைச்சாத்தான் சட்டுனு குளிரும். சோப்பு ஏன்னா வெறும் தண்ணி இறகுல ஒட்டாம வழிஞ்சிடும். ஃப்ரீசர்ல வெச்சா உள்ள ஐஸ் கட்டி செல்லெல்லாம் கிழிஞ்சுபோய் மைக்ராஸ்கோப்ல பாக்கறவங்களுக்கு சரியா ஒண்ணும் தெரியாது. நனைக்கறதுல இன்னொரு நல்லதும் இருக்கு, இறகுத் தூசி பறக்காது.

சரின்னு நனைச்சேன், கட்டினேன். ஆனா எங்க ஃப்ரிட்ஜ்ல வைக்க வீட்ல இருக்கறவங்க ஒத்துக்கல. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், சாப்பாடு வைக்கற இடம், எதுல செத்துச்சுன்னே தெரியாத ஒரு பறவை, யாரா இருந்தாலும் யோசிப்பாங்க. ஆனா மணி ஓடிக்கிட்டே இருக்கு, கையில கவரு.

மேல் வீட்டு அக்காவை எனக்கு மாடிப்படியில பாத்தா சிரிக்கற அளவுக்குத்தான் பழக்கம். அவங்க எந்தப் பிராணியும் வளத்தது கிடையாது, சொல்லப்போனா இறகு உள்ள எதைப் பாத்தாலும் ரெண்டடி பின்னாடி போறவங்க, எங்க வீட்டு வாசல்ல நின்னு பேசினாக்கூட கூண்டு இருக்கற பக்கம் திரும்ப மாட்டாங்க. ஏன் அவங்க கதவைத் தட்டினேன்னு இப்பவும் எனக்குத் தெரியல, லைட் எரிஞ்சுது, அவ்ளோதான். கதவைத் திறந்தாங்க, நான் "அக்கா, எங்க பறவை ஒண்ணு... காலைல வரைக்கும் உங்க ஃப்ரிட்ஜ்ல..."ன்னு ஆரம்பிச்சேன், முடிக்க முடியல.

"எவ்ளோ பெருசு?"ன்னு கேட்டாங்க.

கையளவுதான்னேன். "இரு"ன்னுட்டு உள்ள போனாங்க. கீழ்த்தட்டுல இருந்ததையெல்லாம் எடுத்து மேல மாத்தற சத்தம் கேக்குது. அப்புறம் இறுக்கமா மூடி போடற ஒரு டப்பாவோட வந்தாங்க, "இதுல போட்டு நீயே உள்ள வெச்சிடும்மா, எனக்குத் தொட பயமா இருக்கு, தப்பா நெனைச்சுக்காத, டப்பா திரும்ப வேணாம்"னாங்க. வெச்சுட்டு வரும்போது, "நான் சீக்கிரமே எந்திரிச்சுடுவேன், எப்ப வேணா தட்டு"ன்னு மட்டும் சொன்னாங்க.

அவ்ளோதான். இதுல என்ன பெரிய உதவின்னு சில பேருக்குத் தோணலாம். ஆனா அந்த வாரம் முழுக்க எல்லாரும் ஏதோ ஒரு வடிவத்துல என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணு இருக்கு, "ஒரு சின்னக் கிளிக்காகவா இவ்ளோ?" பாசமா கேட்டவங்களும் உண்டு, இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு ஆறுதல் சொன்னவங்களும் உண்டு. பறவைன்னாலே பயப்படற அந்த அக்கா மட்டும் அதைக் கேக்கல. எவ்ளோ பெருசுன்னு கேட்டாங்க, ஏன்னா இடம் ஒதுக்கணும்.

அந்த இடம் என்ன பண்ணுச்சுன்னு சொன்னாத்தான் என் நன்றியோட அளவு உங்களுக்குப் புரியும். அதுவரைக்கும் எங்ககிட்ட இருந்ததெல்லாம் ஊகம். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிக் காஞ்சு அந்தப் புகையா இருக்கும்னாங்க, அது நெஜமாவே பறவையை நிமிஷத்துல கொல்லக்கூடியதுதான், ஆனா அது வந்தா பொதுவா ஒரே நேரத்துல பல பறவை விழும், எங்களுக்கு ஒண்ணு போய் கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. கூண்டுக் கம்பியில இருக்கற ஜிங்க் முலாமைக் கொறிச்சு விஷமாகியிருக்கும்னாங்க. பாலியோமா வைரஸ்னாங்க, அது அதிகமா குஞ்சுகளைத்தான் அடிக்கும், போனதுங்க பெரியதுங்க. நல்லா சாப்பிட்டுக்கிட்டே இளைச்சுப்போற அந்த வயித்துப் பூஞ்சையா இருக்கலாம்னாங்க. முட்டை சிக்கிடுச்சோன்னாங்க. எல்லாமே நடக்கற விஷயம்தான், யாரும் தப்பா சொல்லல. ஆனா ஒவ்வொண்ணுக்கும் செய்ய வேண்டியது வேற. புகைன்னா ரூமை மாத்தணும், ஜிங்க்னா கூண்டை மாத்தணும், பூஞ்சைன்னா அதுக்கான மருந்து, வைரஸ்னா மருந்தே இல்ல, பிரிச்சு வெச்சுப் பாத்துக்கறதுதான். ஊகத்தை நம்பி ஒண்ணைச் செஞ்சுட்டு உக்காந்திருந்தா மிச்சம் இருந்ததும் வரிசையா போயிருக்கும்.

திறந்து பாத்ததும் கல்லீரலும் மண்ணீரலும் வீங்கிக் கெடந்துச்சாம், மூச்சுக்கு உதவற காத்துப்பைகள் தெளிவா இல்லாம மங்கலா இருந்துச்சாம். பி.சி.ஆர். டெஸ்ட்ல உறுதியாச்சு, கிளாமிடியா சிட்டாசி, அதாவது கிளிக்காய்ச்சல் கிருமி. இது ஒரு பறவைக்குள்ள எந்த அறிகுறியும் காட்டாம மாசக்கணக்குல கூட இருக்கும், விட்டு விட்டு எச்சத்துல வெளிய வரும், இட மாத்தம், முட்டை வெக்கற காலம், நெருக்கடின்னு உடம்பு தளர்றப்போ கிளம்பும். காஞ்ச எச்சத்தோட தூசியும் இறகுத் தூசியும் மூச்சுல போனா மத்த பறவைக்கும் வரும், மனுஷனுக்கும் வரும்.

மனுஷனுக்கும் வரும்னு டாக்டரம்மா சொன்னப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த ஃப்ரிட்ஜ்தான். நனைச்சு ரெண்டு கவர்ல கட்டி டப்பாவுல மூடினதுல தூசி வர வழியே இல்ல, பயப்பட வேணாம்னு அவங்க சொன்னாங்க, ஆனாலும் அக்காகிட்ட மறைக்கக் கூடாதுல்ல. மாடிப்படி ஏறும்போது காலெல்லாம் நடுங்குச்சு. முழுசா கேட்டாங்க. கேட்டுட்டு, "அது இருக்கட்டும், உங்க வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"ன்னாங்க. அப்பதான் உறைச்சுது, அப்பாவுக்குக் கொஞ்ச நாளா தலைவலியும் வரட்டு இருமலும், சீதோஷ்ணம்னு நாங்க பேசாம இருந்தோம். அன்னிக்கே கூட்டிட்டுப் போனோம், வீட்ல பறவை இருக்கு, இன்ன நோய்ல செத்துச்சுன்னு சொன்னதும்தான் டாக்டர் அந்தப் பக்கமே யோசிச்சார், அந்தத் தகவல் இல்லன்னா சாதாரண நெஞ்சுச் சளியாத்தான் தெரியும். அப்பா இப்ப நல்லா இருக்கார். பறவை வெச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் காய்ச்சல், இருமல்னு டாக்டர்கிட்ட போனா "எங்க வீட்ல கிளி இருக்கு"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க.

அக்கா, நீங்க கொடுத்தது ஃப்ரிட்ஜ்ல ஒரு மூலைன்னு நீங்க நெனைக்கலாம். உசிரோட இருக்கற ஒவ்வொரு பறவைக்கும் எங்கப்பாவுக்கும் சேத்து நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன்.

திடீர்னு போயிடுச்சுன்னு நாம சொல்றோமே, அதைப் பத்தி நெறைய யோசிச்சேன். காட்டுல பலவீனமா தெரியற பறவையைத்தான் பருந்து முதல்ல தூக்கும், அதனால இதுங்க முடியற வரைக்கும் நடிக்கும், தானியத்தைக் கொத்தற மாதிரி கொத்தும், உள்ள ஒண்ணும் போகாது. இறகை உப்பிக்கிட்டா இளைச்சதும் தெரியாது. நம்ம கண்ணுக்குத்தான் அது திடீர். தராசு ஏமாறாது. 30, 35 கிராம் இருக்கற பட்ஜீக்கு 3 கிராம் குறைஞ்சாலே கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு போச்சுன்னு அர்த்தம், அன்னிக்கே டாக்டரைப் பாக்கணும். இப்ப தினமும் காலைல சாப்பாடு வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் நிறுத்து எழுதறேன். ஒருத்தன் தராசு மேல ஏறி நின்னு போஸ் குடுக்கறான், இன்னொருத்தி ஒவ்வொரு தடவையும் என் விரலைக் கடிச்சுட்டுத்தான் ஏறுவா. கடிக்கட்டும், கடிக்கறதுக்குத் தெம்பு வந்திருக்கே. தூக்கம் போடறப்ப வால் மேலயும் கீழயும் ஆடுதான்னும் பாப்பேன், மூச்சுக்குக் கஷ்டப்பட்டா அப்படி ஆடும். பிடிக்கறப்ப நெஞ்சை அழுத்தவே கூடாது, பறவைக்கு நமக்கு இருக்கற மாதிரி உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல மூச்சுக்கு உதவற தசை, கிடையாது, நெஞ்சு அசைஞ்சாத்தான் மூச்சு.

கூண்டுத் தட்டைக் காஞ்ச நிலையில பெருக்கறது கிடையாது, தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, மாஸ்க் போட்டு, காகிதத்தோட சுருட்டி எடுக்கறேன். டாக்சிசைக்ளின்ங்கற மருந்து எல்லாத்துக்கும் போகுது, நல்லா இருக்கற மாதிரி தெரியறதுக்கும்தான். பொதுவா 45 நாள் கொடுக்கச் சொல்வாங்க. அது முடியற வரைக்கும் கணவாய் ஓடு, கால்சியம் கட்டி எல்லாத்தையும் கூண்டுல இருந்து எடுத்தாச்சு, கால்சியம் அந்த மருந்தைப் பிடிச்சுக்கிட்டு உடம்புல சேர விடாது. எங்க டோஸ் என்னன்னு சில பேர் கேட்டிருந்தீங்க, சொல்ல மாட்டேன், உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, அது உங்க பறவை எடைக்கு அவங்க கணக்குப் போட வேண்டியது.

ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு பழைய சின்ன ஃப்ரிட்ஜை ரிப்பேர் பண்ணி வெச்சாச்சு, சாப்பாடு எதுவும் அதுல கிடையாது. எங்க பறவைங்க டெஸ்ட் சுத்தமா வந்தப்புறம் உங்க யார் வீட்லயாவது இந்த மாதிரி ஆனா, எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடுங்க. நனைச்சு, ரெண்டு கவர் கட்டி எடுத்துட்டு வாங்க, டப்பா நான் தரேன். காலைல லேபுக்குக் கூட வரவும் ரெடி.

அப்புறம், ஜோடி இல்லாம இருக்கே, எங்ககிட்ட இருக்கறதை அனுப்பறேன்னு ரெண்டு மூணு பேர் சொல்லியிருக்கீங்க. உங்க மனசுக்கு நன்றி, இப்ப வேணாம். மருந்து முடிஞ்சு குறைஞ்சது ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட் எடுக்கணும், அது சுத்தமா வரட்டும். அதுவரைக்கும் பறவை வெச்சிருக்கறவங்க யாரும் எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க, உங்க பிள்ளைங்களுக்கு நல்லதில்ல. டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் நானே சொல்றேன்.