பக்கத்துக் கட்டத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு,

பட்ஜெட் வந்ததும் விவசாயத்துக்கு இவ்வளவு, சுகாதாரத்துக்கு இவ்வளவு என்று எல்லாப் பத்திரிகைகளும் பெட்டிச் செய்தி போடுகின்றன. சரி, போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது? பல நாடுகளின் பட்ஜெட் ஆவணங்களில் அதே வரியிலேயே, பக்கத்துக் கட்டத்தில், திருத்திய மதிப்பீடு, அதாவது அந்த வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று பிறகு மறுபடி கணக்கிட்ட தொகை, இருக்கிறது. 100 கோடி ஒதுக்கி 70 கோடிதான் செலவழித்த துறைக்கு இப்போது 80 கோடி தந்தால், அது செலவைவிட அதிகம், போன ஒதுக்கீட்டைவிடக் குறைவு; அதை வெறுமனே உயர்வு என்று எப்படி எழுதுவது? எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம் கல்வி. அரசின் மொத்தச் செலவில் குறைந்தது 15 முதல் 20 சதவீதம் கல்விக்கு என்பது, 2015-இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த உலகக் கல்வி மாநாட்டின் பிரகடனம் சொன்ன அளவுகோல். தொகை கூடியும் பங்கு குறையலாம். அரசின் கடனுக்கான வட்டிச் செலவு பெருகி மொத்தச் செலவு வீங்கும் வருடங்களில் அப்படி நடக்கலாம். துறைவாரியாக ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு என்ற இரண்டு கட்டங்களையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்